தின்றால்தான் சாகும்

தனுஷ்கோடியில் தண்ணீருக்காகக் கிணறு வெட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஆண் கடல், இன்னொரு பக்கம் பெண் கடல் என்று அந்த ஊர் மீனவர்கள் சொல்வார்கள். மன்னார் வளைகுடா ஆண். அலையடங்கிக் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண். இரண்டுக்கும் நடுவே இருப்பது மணலால் ஆன ஒரு நாக்கு. அந்த மணலில் குந்தி உட்கார்ந்து, கையாலோ சிரட்டையாலோ கொஞ்ச ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை ராமர் மகிமை என்று சொல்லித் தலையில் தெளித்துக்கொள்வதுண்டு. உண்மையில் அது ஐப்பசி, கார்த்திகை மழையின் மிச்சம். மணலுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிடக் கனம் குறைந்தது. அதனால் அதன்மேல் மெல்லிய மூடிபோலப் படிந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். மேலாகத் தோண்டத் தெரிந்தவர்களுக்குத்தான் நல்ல தண்ணீர்.

குடம் நிறைந்ததும் பெண்கள் போய்விடுகிறார்கள். குழி அப்படியே கிடக்கிறது. வெயில் படுகிற, ஆழமில்லாத, மீன் இல்லாத, அலையடிக்காத நல்ல தண்ணீர். இந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதலிடம் பிடிக்கும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவிடம், முட்டையிட எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று கேட்க முடிந்தால் அது ஏறக்குறைய இந்தக் குழியைத்தான் வர்ணிக்கும்.

இந்த அத்தியாயம் அந்தக் குழிக்குள் இருக்கும் புழுவைப் பற்றியது. அதன் சாப்பாட்டைப் பற்றியது என்றால் இன்னும் சரி.

தண்ணீர்த் தொட்டியில் நெளியும் கொசுப்புழுவைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆனால் அது நாள் முழுவதும் என்ன செய்கிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு கண்ணாடி டம்ளரில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்: அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வாயருகே இருக்கும் இரண்டு தூரிகைகள் ஓயாமல் விசிறி, தண்ணீரில் மிதக்கும் பாசித் துணுக்கு, பாக்டீரியா, தூசி எல்லாவற்றையும் உள்ளே தள்ளுகின்றன. இது நல்லது, இது கெட்டது என்ற தேர்வு கிடையாது; துகள் சரியான அளவில் இருந்தால் போதும். நம் வெயிலில் முட்டை பொரிந்து ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடுகிறது. அதற்குள் நான்கு முறை தோல் உரித்து, பறப்பதற்கான சேமிப்பு முழுவதையும் சேர்த்தாக வேண்டும். அதன் பிறகு காற்புள்ளிபோல வளைந்த கூட்டுப்புழு ஆகிவிடும். கூட்டுப்புழுவுக்கு வாய் கிடையாது. ஓரிரு நாள் பட்டினி, பிறகு இறக்கை.

சாப்பிடும் இடத்திலும் ஆளுக்கொரு பழக்கம். மலேரியாவைச் சுமக்கும் அனாபிலிஸ் புழு, தண்ணீரின் மேல்மட்டத்தில் கிடைமட்டமாகப் படுத்து, தலையை மட்டும் அரை வட்டம் திருப்பி, மேலே மிதப்பதை நக்கும். யானைக்கால் நோய்க்குக் காரணமான, சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடுத் தண்ணீரை வடிகட்டும். டெங்குவின் ஏடிஸ், தொட்டியின் அடிக்கும் சுவருக்கும் போய்ச் சுரண்டும். இந்த மூன்று பந்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கதை தானாகவே விளங்கும்.

1976ஆம் ஆண்டு இந்தியாவில் மலேரியா கண்டவர்களின் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. 1961இல் இதே எண் ஐம்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. டிடிடியை வீட்டுச் சுவர்களில் அடித்து மலேரியாவை ஒழித்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்த பதினைந்து ஆண்டுகளில் கொசு டிடிடிக்குப் பழகிவிட்டது. மருந்து அடிக்கிறவர்களும் அசந்துவிட்டார்கள். அந்த நெருக்கடியில்தான், 1975இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு புதுச்சேரியில் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டரைத் தொடங்கியது. பூச்சிகள் பரப்பும் நோய்களுக்கென்றே ஒரு மையம். ஊரில் அதை விசிஆர்சி என்பார்கள். பி.கே.ராஜகோபாலன் பதினைந்து ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார்.

அதே 1976இல், இங்கிருந்து வெகு தூரத்தில், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு காய்ந்த ஆற்றுப் படுகையில் தேங்கிய குட்டையை யோவெல் மார்கலித்தும் லெனார்ட் கோல்ட்பர்கும் பார்த்தார்கள். குட்டையின் மேல் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் செத்த கொசுப்புழுக்கள். யாரும் மருந்து ஊற்றியிருக்கவில்லை. செத்த புழுவும் சேறும் தண்ணீருமாக அள்ளிக்கொண்டு போய் வளர்த்துப் பார்த்தபோது ஒரு மண் பாக்டீரியா கிடைத்தது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்று அதற்குப் பிறகு பெயர் வந்தது. உலகம் முழுக்க அதைப் பிடிஐ என்றுதான் அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

அதன் குடும்பம் ஏற்கனவே தெரிந்த குடும்பம்தான். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென்று சுருண்டு விழுந்து சாவதற்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று இஷிவாதா கண்டுபிடித்தார். பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு அது எதிரி. பத்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், மாவு மில்லில் செத்துக் கிடந்த அந்துப்பூச்சிப் புழுவிலிருந்து பெர்லினர் அதையே பிரித்தெடுத்து, ஊர்ப் பெயரை வைத்தார். மாவு மில்காரருக்கு அது நண்பன். பிறகு அது தோட்டத்துப் புழுக்களுக்கு மருந்தாகி, கடைசியில் அதன் மரபணு பருத்திச் செடிக்குள்ளேயே போனது. பிடி பருத்தி என்று நம் விவசாயிகள் சொல்வதில் இருக்கும் பிடி இதுதான். ஆனால் கொசுவுக்குப் போடும் பிடிஐயில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. பிடி கத்தரிக்காய்க்கு எதிரான கூட்டத்தில் கைதட்டியவரும் தன் வீட்டுத் தொட்டியில் இதை ஊற்றலாம். கொள்கைக்குப் பங்கம் வராது. மண்ணில் கிடந்ததை அப்படியே வளர்த்துப் பொடியாக்கியதுதான் இது.

எப்படிக் கொல்கிறது? மண் காய்ந்து சாப்பாடு தீர்ந்துபோனால் பிடிஐ தன்னைச் சுருக்கி ஒரு வித்தாக மாறிக்கொள்கிறது. வெயிலாலும் வறட்சியாலும் அந்த வித்தை எளிதில் அழிக்க முடியாது. வித்தாகும்போதே பக்கத்தில் ஒரு படிகத்தையும் கட்டி வைக்கிறது. முழுக்கப் புரதம். அந்தப் புரதத்துக்கான செய்முறை முழுவதும் பாக்டீரியாவின் பிரதான மரபணுத் தொகுப்பில் இல்லாமல், தனியாக ஒரு வளையத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வித்தும் படிகமும் தண்ணீரில் கலக்க, புழுவின் தூரிகை அவற்றையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது.

நம் வயிறு எலுமிச்சைச் சாற்றைப்போலப் புளிப்பு. கொசுப்புழுவின் குடல் நேர் எதிர், சலவைச் சோடா கரைத்த தண்ணீரைப் போன்ற காரம். படிகம் புளிப்பில் கரையாது, காரத்தில் கரையும். கரைந்த புரதத்தைப் புழுவின் செரிமான நொதிகளே வெட்டிச் செதுக்குகின்றன. சாப்பிட்டதைச் செரிக்கப் பார்க்கிறது பாவம். அந்த வெட்டுதான் நஞ்சைக் கூர்தீட்டுகிறது. கூரான நஞ்சு குடல் சுவரின் செல்களில் போய் ஒட்டித் துளை போடும். துளை வழியே தண்ணீர் புகுந்து செல் ஊதி வெடிக்கும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். மறுநாள் பார்த்தால் செத்து மிதக்கும். அதன் உடலையே உரமாக்கி வித்துகள் முளைக்கும்.

படிகத்தில் இருப்பது ஒரே நஞ்சில்லை. க்ரை4 வகையில் இரண்டு, க்ரை11 ஒன்று, சைட்1 ஒன்று என்று முக்கியமானவை நான்கு. இவற்றில் சைட்1 தனியாக அவ்வளவு பலசாலி கிடையாது. ஆனால் அது குடல் சுவரில் முதலில் போய் உட்கார்ந்துகொண்டு, பின்னால் வரும் க்ரை11க்கு இடம் பிடித்து வைக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோமே, அதே வேலை. புழு தன் குடல் சுவரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஒரு நஞ்சை ஒட்டவிடாமல் செய்தாலும், துண்டு போட்டவன் இன்னொரு வழியில் இடம் தருகிறான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்கக் கொட்டியும் பிடிஐக்குக் கொசுக்கள் பெரிதாகப் பழகாமல் இருப்பதற்கு இந்தக் கூட்டணிதான் காரணம்.

கூட்டணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கொச்சி. லைசினிபேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்று இன்னொரு மண் பாக்டீரியா உண்டு; 1965இல் கலிபோர்னியாவில் கொசுப்புழுக்களில் முதலில் கண்டார்கள். பிடிஐக்கு அவ்வளவாக இல்லாத இரண்டு குணங்கள் அதற்கு உண்டு. சாக்கடைத் தண்ணீரிலும் அது நன்றாக வேலை செய்யும். செத்த புழுவுக்குள் பெருகி மறுபடி தண்ணீருக்குள் வரும், அதாவது ஒருமுறை ஊற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். யானைக்கால் கொசுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொச்சியில் இரண்டு ஆண்டுகளில் 35 சுற்று ஊற்றினார்கள். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 1995இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்தக் கொசுப்புழுக்களைக் கொல்ல முன்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மருந்து தேவைப்பட்டது. காரணம் எளிது. இந்தப் பாக்டீரியாவின் நஞ்சு இரண்டு துண்டுகள் சேர்ந்த ஒரே நஞ்சு. குடல் சுவரில் அது ஒட்டுவதற்கு இருப்பது ஒரே பூட்டு. கொசு பூட்டை மாற்றிவிட்டது, சாவி வீணாகிவிட்டது. ஏடிஸ் கொசுவிடம் அந்தப் பூட்டு சரியாகப் பொருந்துவதே இல்லை. அதனால் டெங்குவுக்கு இந்தப் பாக்டீரியா ஆரம்பத்திலிருந்தே உதவாது.

உயிரி முறை என்றாலே பூச்சி பழகாது, பக்க விளைவு இருக்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் கொச்சிக் கதையை ஒருமுறை படிக்கலாம். ரசாயனம் கெட்டது, இயற்கை நல்லது என்ற கணக்கு கொசுவுக்குத் தெரியாது.

புதுச்சேரிக்கு வருவோம். பிடிஐயைத் தேடி நெகேவுக்குப் போக வேண்டியதில்லை என்று விசிஆர்சியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கே.பாலராமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நம் மண்ணிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து 1981இல் அறிவித்தார்கள். விசிஆர்சி பி-17 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். அதை மருந்தாக்கிச் சோதித்த முடிவுகள் 1983இல் வந்தன. அந்தத் தொழில்நுட்பம் பிறகு நிறுவனங்களுக்கும் கைமாறியது. பின்னாளில் அதே மையத்தில், கோழிக் கடையில் குப்பையாகும் இறகைக் கரைத்து அதில் இந்த பாக்டீரியாக்களை வளர்த்துக் காட்டினார்கள். விலை குறைந்தால்தான் ஊராட்சிக்குக் கட்டுப்படியாகும் என்பதால் எனக்கு அந்த இறகு ஆராய்ச்சி மரபணு ஆராய்ச்சியைவிட மேலாகப் படுகிறது.

மண்ணிலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது சுவாரஸ்யமானது, கிட்டத்தட்டச் சமையல் வேலை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, 80 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடம்போல வைக்கிறார்கள். உயிரோடு சுற்றுகிறவை எல்லாம் வெந்துவிடும். வித்தாகச் சுருண்டிருப்பவை மட்டும் தப்பும். தப்பியவற்றைத் தட்டில் பரப்பி வளர்த்து, மறுபடி பட்டினி போட்டு வித்தாக்கி, நுண்ணோக்கியில் வித்துக்குப் பக்கத்தில் படிகம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தால் ஒரு கிண்ணத்தில் 25 கொசுப்புழுக்களை விட்டு அதில் கலந்து, மறுநாள் எத்தனை சாகின்றன என்று எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு ஒரு ஆளும் பொறுமையும் போதும். ராமநாதபுரம் கடலோரத்தில் காரங்காட்டு அலையாத்திச் சேறு, வாலிநோக்கத்து உப்பளக் கரை, கண்மாய்க் கரம்பை, பனங்காட்டுத் தேரி மணல் என்று ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வகை மண் கிடக்கிறது. உப்பிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் ஒரு வகையைத் தேட இதைவிடத் தோதான இடம் தெரியவில்லை.

ஆனால் கொல்லத் தெரிந்த பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது கதையின் சுலபமான பாதி. அதைப் புழுவின் வாய்க்குக் கொண்டு சேர்ப்பதுதான் கஷ்டமான பாதி. டிடிடி தொட்டால் கொல்லும். அபேட் என்ற ரசாயனப் புழுக்கொல்லி தண்ணீரில் கரைந்திருந்தாலே கொல்லும். இதுவோ தின்றால்தான் கொல்லும்.

படிகம் கனமானது, தண்ணீரில் போட்டால் மெல்ல மெல்ல அடியில் போய்த் தங்கிவிடும். அடியைச் சுரண்டும் ஏடிஸுக்கு அது பந்தி விரித்தது மாதிரி. மேலே மட்டும் நக்கும் அனாபிலிஸுக்கோ இலை போட்டுச் சோற்றைப் பந்தலுக்கு வெளியே வைத்த கதைதான். அதனால் மிதக்கும் குருணையாகவும், மெதுவாகக் கரையும் கட்டியாகவும் செய்கிறார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் படிகத்தைச் சிதைக்கும். ராமேஸ்வரத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சேறு கலங்கிய தண்ணீரில் புழு சேற்றைத் தின்றே வயிற்றை நிரப்பிக்கொள்ளும், மருந்துக்கு இடம் இருக்காது. கடைசி நாட்களில் புழு தின்பதைக் குறைத்துவிடும், கூட்டுப்புழு தின்னவே தின்னாது. இதனால்தான் ஒருமுறை ஊற்றிவிட்டுப் போக முடியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கொசு ஒழிப்புத் திட்ட விதிகள் சொல்கின்றன. வருகிற ஆள் யார்? டிபிசி என்று ஊரில் சொல்கிற தினக்கூலிப் பணியாளர்கள், மஸ்தூர்கள். முதுகில் தெளிப்பான், கையில் டார்ச், பையில் கணக்கு நோட்டு. படிகத்தை நெகேவிலோ புதுச்சேரியிலோ யார் கண்டுபிடித்திருந்தாலும் புழுவுக்குப் பரிமாறுகிறவர் அவர்தான்.

ராமேஸ்வரம் தீவில் அவர் எத்தனை பந்திக்குப் பரிமாற வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாம்பனிலிருந்து தொடங்கினால், தங்கச்சிமடத்தில் தென்னந்தோப்புக்குள் குடிக்கிற கிணறு, மாடியில் மூடி சரியாகப் பொருந்தாத சின்டெக்ஸ், விடுதிகளின் தரையடிச் சம்பு. படகுத்துறையில் உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டி, படகு உரசாமல் இருக்கக் கட்டிய பழைய டயர், கரையேற்றிப் போட்ட வள்ளத்தின் அடியில் தேங்கிய மழைத் தண்ணீர். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மா நிற்கும்போது கோடை மழை பெய்துவிட்டால் படகு ஒவ்வொன்றும் ஒரு தொட்டி. சந்துகளில் யாத்திரிகர்கள் வீசிய டம்ளர். பிறகு கடலோரத்துக் கழிமுகக் குட்டைகள், பாதி உப்பு, பாதி நல்ல தண்ணீர்.

கொசு உப்புத் தண்ணீரில் வளராது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகள் அந்தப் பாடத்தைத் திருத்திவிட்டன. நன்னீர்க் கொசு என்று பெயர்பெற்ற ஏடிஸின் புழுக்களைக் கடலோர உவர் நீரிலும் கண்டார்கள். நல்ல வேளையாக, உவர் நீரிலும் பிடிஐ அவற்றைக் கொன்றது.

இங்கே குடிதண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மழை குறைந்த மாவட்டத்தில் தண்ணீர் என்பது பக்தியோடு சேர்ந்த பொருள். ஊருணியில் செருப்போடு இறங்க விடமாட்டார்கள். குடிக்கிற கிணற்றில் மருந்து ஊற்ற வந்த பணியாளரை வாசலிலேயே நிறுத்திச் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி: "புழு சாகும்னா என் பேரப்புள்ளை குடிச்சா என்ன ஆகும் தம்பி?" பணியாளரிடம் பதில் இல்லை; "அரசாங்கம் குடுத்தது பாட்டி, ஒண்ணும் செய்யாது" என்றார். பேரப்பிள்ளையின் வயிறு புளிப்பு, புழுவின் குடல் காரம் என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிக்குப் புரிந்திருக்கும். புளியையும் சோடாவையும் அறியாத பாட்டி இந்த நாட்டில் கிடையாது. குடிநீரில் போடத் தகுந்த கொசுப்புழுக்கொல்லிகளில் ஒன்றாகப் பிடிஐயை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அந்தச் செய்தியும் பணியாளரின் பையில் இருந்திருக்க வேண்டும்.

எல்லாத் தண்ணீரிலும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிடிஐ கொசுவோடு அதன் நெருங்கிய உறவான, கடிக்காத சிறு ஈக்களின் புழுக்களையும் கொஞ்சம் பதம் பார்க்கும். பிரான்சின் தென்கோடியில் கமார்க் சதுப்பு நிலத்தில் பிடிஐ தெளித்த இடங்களில் தகைவிலான் குருவிகள் குறைவாகக் குஞ்சு பொரித்தன என்று 2010இல் ஒரு ஆய்வு வந்தது. கொசுவும் ஈயும் குறைய, குருவிக்கு இரை குறைந்துபோனது. பூநாரை இறங்குகிற தனுஷ்கோடிச் சேற்றில் கைவைக்கும் முன் அந்தக் குருவியை நினைத்துக்கொள்ளலாம். மனிதர்கள் வசிக்காத குட்டையில் பிறக்கும் கொசு அவ்வளவு அவசரமான எதிரியுமில்லை.

புழுவின் பக்கம் இவ்வளவு. மனிதரின் பக்கம் ஒன்று பாக்கி. 1980களில் விசிஆர்சி ஆய்வாளர்கள் ராமேஸ்வரம் தீவில் தங்கி, இங்கே மலேரியா ஏன் போகவே மாட்டேன் என்கிறது என்று தேடினார்கள். கொசுவின் கடியை எண்ணினார்கள், கொசுவுக்குள் ஒட்டுண்ணியைத் தேடினார்கள். 1986இல் ராஜகோபாலனும் ஜம்புலிங்கம், சபேசன் முதலியோரும் புவியியலாளர் மான்செல் புரோத்தெரோவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே பதில் இருந்தது: மக்கள் நடமாட்டம். காற்று திரும்பினால் மீனவர்களும் கரை மாறுகிறார்கள்; குடும்பத்தோடு வந்து ஓலைக் குடிசை போட்டு, சில மாதம் தங்கி, மறுபடி போகிறார்கள். அவர்களுக்கு மேல் யாத்திரிகர்கள், காசியிலிருந்து மணல் எடுக்க வருகிறவர்கள் உட்பட இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும். மலேரியா உள்ள ஊரிலிருந்து ஒருவர் ரத்தத்தில் ஒட்டுண்ணியோடு வந்து ஒரு ராத்திரி திண்ணையில் தூங்கினால் போதும், மீதியைக் கொசு பார்த்துக்கொள்ளும்.

இது ஏன் நம் பாக்டீரியாக் கதைக்குள் வருகிறது என்றால், சுவர் இருந்தால்தான் சுவரில் மருந்து அடிக்க முடியும். ஓலைக் குடிசைக்கு ஏது சுவர்? புழுக்கத்தில் கரை மணலில் பாய் விரித்துப் படுக்கிறவருக்கு வீட்டுச் சுவரில் அடித்த டிடிடி என்ன செய்யும்? தூங்கும் இடம் நாளுக்கு நாள் மாறும். தண்ணீர் இருக்கும் இடம் அவ்வளவு மாறாது. இந்தத் தீவில் கொசுவை அதன் பிறந்த வீட்டிலேயே பிடிப்பது மற்ற ஊர்களைவிடப் பொருத்தமானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

பிறந்த வீடு என்றதும் மன்னார் நினைவுக்கு வருகிறது. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1934, 35இல் இலங்கையில் மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் என்ற அளவுக்கு அதை இறக்கினார்கள், அசந்தார்கள், ஆறே ஆண்டுகளில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் விடாமல் செய்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்கினார்கள். சான்று வாங்கி மூன்று மாதத்தில், டிசம்பரில், மன்னார்த் தீவில் சில கிணறுகளில் புதிய நுளம்புப் புழு ஒன்று அகப்பட்டது. நாம் கொசு என்பதை அங்கே நுளம்பு என்பார்கள். பழைய தமிழ்ச் சொல், இந்தப் பக்கம் அகராதியோடு நின்றுவிட்டது. அகப்பட்ட புழு அனாபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அதே கொசு. இலங்கை மண்ணில் அதற்கு முன் அது பதிவானதே இல்லை. 2012இல் இதே கொசு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கரை இறங்கியதிலிருந்து அந்தக் கண்டத்து நகரங்களின் தூக்கம் கெட்டிருக்கிறது.

கொசுவுக்கு எல்லை தாண்டிய குற்றம் கிடையாது. எந்தக் கடற்படையும் அதன் படகைப் பிடிப்பதில்லை. பெண் கடலின் இந்தக் கரையில் தங்கச்சிமடத்துக் கிணற்றில் என்ன பிறக்கிறது என்பது அந்தக் கரைக்காரர்களின் கவலையாகவும் ஆகிவிட்டது. ஸ்டீபன்சியும் அனாபிலிஸ்தான், அதுவும் மேலே மிதப்பதையே நக்கும். கிணற்றுக்கு மிதக்கும் குருணை, அல்லது கம்பூசியா மீன், எல்லாவற்றுக்கும் மேலாக இறுக்கமான கொசுவலை மூடி. சம்புக்கும் சிமென்ட் தொட்டிக்கும் பிடிஐ கரைசல். சாக்கடைக்கு ஸ்பேரிகஸைப் பிடிஐயோடு மாற்றி மாற்றி, கொச்சியை மறக்காமல். டயருக்கும் ஐஸ் பெட்டிக்கும் பாக்டீரியாவே வேண்டாம், கவிழ்த்துப் போட்டால் போதும்.

தனுஷ்கோடி மணல் குழிக்கும் அப்படித்தான். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது காலால் மணலைத் தள்ளிவிட்டால் குழி மூடிவிடும், ஒரு நிமிட வேலைகூட இல்லை. அங்கே தண்ணீர் எடுக்கும் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். குழியை மூடினால் நாளைக் காலையில் இருட்டில் வந்து அதே இடத்தைத் தேடித் திரும்பவும் தோண்ட வேண்டும், முதல் ரெண்டு குடம் கலங்கலாகத்தான் வரும், அதை யார் குடிப்பது என்று கேட்டார்.